ஊர் ஏரியில் சூழலியல் கற்பது எப்படி

சூழலியல் என்ற சொல் இன்று தமிழில் மிகவும் தளர்வாகப் புழங்குகிறது. மரக்கன்று நடுவதும், நெகிழிப் பையைத் தவிர்ப்பதும், ஆலைக்கழிவுக்கு எதிராக ஊர் கூடி நிற்பதும் சூழலியல் என்றே எழுதப்படுகின்றன. அவை வேண்டிய பணிகள்தாம். ஆயினும் அவற்றுக்குச் சூழல் காப்பு என்று தனிப்பெயர் உண்டு. காற்று, நீர், கழிவு, சட்டம், மனித நலம் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்க்கும் சூழல் அறிவியலும் வேறொரு துறை. சூழலியல் அவ்விரண்டையும்விடக் குறுகியது. ஆனால் அவ்விரண்டும் சாய்ந்து நிற்கும் தூண் அதுவே. ஓர் உயிரினம் ஏன் இங்கே இருக்கிறது, ஏன் அங்கே இல்லை, ஏன் இத்தனை இருக்கிறது, சென்ற ஆண்டைவிட ஏன் கூடியது அல்லது குறைந்தது என்பனவே அதன் கேள்விகள். 1866இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்னும் ஜெர்மானிய விலங்கியலாளர், வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இத்துறைக்குப் பெயர் அமைத்தார்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், அந்நிலத்து மரம், புள், விலங்கு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருளாகவும் வகுத்த திணை மரபு நமக்கு இருப்பதால், சூழலியலை நாம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தோம் என்று சிலர் சொல்வதுண்டு. இடமும் உயிரும் ஒன்றையொன்று சார்ந்தவை என்ற கூரிய பார்வை அதில் இருக்கிறது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். எனினும், எண்ணிப் பார்ப்பதும், எண்ணியதைக் கொண்டு தன் கருத்தையே சோதிப்பதும், சோதனையில் தோற்ற கருத்தைக் கைவிடுவதும் அறிவியலுக்கு உரியவை. அந்தப் பழக்கத்தை ஒருவர் தம் ஊர் ஏரிக்கரையில் நின்று ஓராண்டில் எப்படிப் பெறலாம் என்பதை இங்கே சொல்கிறேன். பட்டப்படிப்பு தேவையில்லை, மாதம் இரண்டு காலைப்பொழுதுகளும், ஒரு பைனாகுலரும், விடாமுயற்சியும் போதும்.

ஏன் ஏரி

காட்டிலோ கடலிலோ தொடங்குவதைவிட ஏரியில் தொடங்குவது நல்லது. ஏரிக்குக் கண்ணால் காணக்கூடிய எல்லை இருக்கிறது. மழையை நம்பிய நம் ஏரிகள் ஓராண்டுக்குள்ளேயே நிறைந்து, ததும்பி, வற்றி, வெடித்துக் கிடப்பதால், மற்ற இடங்களில் பல ஆண்டுகள் காத்திருந்து பார்க்க வேண்டிய மாற்றங்களை இங்கே பன்னிரண்டு மாதங்களில் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் உள்ளன. பெரும்பாலான ஊர்களிலிருந்து ஒன்று நடந்து சேரும் தூரத்தில் இருக்கும்.

இத்துறையின் வரலாறும் ஏரிகளோடு பின்னியதே. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஃபோர்ப்ஸ், ஏரி தனக்குள் ஒரு சிற்றுலகம் என்றும், அதன் ஓர் உயிரை அறிய வேண்டுமானால் அது சார்ந்திருக்கும் மற்ற உயிர்கள் அனைத்தையும் அறிய வேண்டும் என்றும் 1887இல் எடுத்துரைத்தார். ரேமண்ட் லின்டெமன் என்னும் இளைஞர் மின்னசோட்டாவில் தூர்ந்துகொண்டிருந்த ஒரு சிறிய ஏரியை ஐந்து ஆண்டுகள் ஆராய்ந்து, அதன் உயிர்களுக்கிடையே ஆற்றல் எவ்வாறு கைமாறுகிறது என்பதைக் கணக்கிட்டார். அவருடைய கட்டுரை முதலில் மதிப்பீட்டாளர்களால் ஏற்கப்படவில்லை. பின்னர் 1942இல் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. இறந்தபோது அவருக்கு வயது 26. இன்று உலகின் எந்தச் சூழலியல் வகுப்பிலும் கற்பிக்கப்படும் உணவுநிலைக் கருத்து அந்தச் சிறிய ஏரியிலிருந்து வந்தது.

பெரிய ஏரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கரையில் நடந்து ஒன்றரை மணி நேரத்தில் முழுவதையும் பார்த்துவிடக்கூடிய ஏரியே ஏற்றது. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகள் பொதுவாக நீர்வளத்துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கும். உரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரியாக இருந்தால் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி கட்டாயம். எந்த ஏரியிலும் தனியாக நீரில் இறங்காதீர்கள். ஏரியின் உட்புறத் தரையான உள்வாயில் வண்டல் படிந்திருக்கும்; அதில் கால் புதைந்தால் மீள்வது கடினம். கோரைப் புதர்களில் விரியன் கிடக்கும். காலில் புண் இருக்கும்போது தேங்கிய நீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்புண்டு.

முதலில் நீரின் கணக்கு

உயிர்களை எண்ணும் ஆவலில் நீரை மறந்துவிடுவது தொடக்கக்காரர்கள் எல்லாரும் செய்யும் பிழை. ஏரியில் நடக்கும் ஏறக்குறைய எல்லாவற்றையும் நீர்மட்டமே ஆள்கிறது. ஆகவே முதல் வேலை, நீரியல் என்னும் அண்டைத் துறையிடமிருந்து கடன் வாங்க வேண்டிய வேலை. அக்டோபர் மாதம் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், மதகின் கல்லில் செ.மீ. அளவுகளை அழியாத வண்ணத்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அளவுகோல் பதிக்கப்பட்டிருந்தால் அதையே பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறை போகும்போதும் எழுத வேண்டிய முதல் எண் அதுதான்.

அடுத்து, ஏரியின் வரைபடம். கைபேசியில் கிடைக்கும் செயற்கைக்கோள் படத்தை வைத்து, கரை, மதகுகள், மிகுநீர் வழியும் கலங்கல், நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், உள்வாய், மரங்கள் நிற்கும் திட்டுகள், ஊர்க்கழிவு வந்து சேரும் இடம் ஆகியவற்றைக் கையால் வரைந்து கொள்ளுங்கள். கையால் வரைவது வீண் வேலை என்று தோன்றலாம். ஆனால் வரையும்போதுதான் இவ்வளவு நாள் கண்ணில் படாத பள்ளமும் ஓடையும் தெரிய வரும். நீர்ப்பரப்பின் அளவு தெரிந்துவிட்டால் கணக்குப் போடுவது எளிது. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு செ.மீ. நீர் என்பது 100 கன மீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர். கோடையில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியாகிறது என்று கொண்டால், மாதத்தில் 15 செ.மீ. வானத்துக்குப் போகிறது. நீர்மட்டம் அதைவிட அதிகமாகக் குறைந்திருந்தால் மிச்சம் மதகு வழியே பாசனத்துக்கோ, நிலத்தடிக்கோ போயிருக்க வேண்டும். மதகு எந்த நாளில் திறக்கப்பட்டது, எத்தனை நாள் திறந்திருந்தது என்பதை, வயல்களுக்கு நீர் பங்கிடும் நீர்க்கட்டியிடம் கேட்டால் சொல்வார். அவர் சொல்வதையும் தேதியிட்டு எழுதுங்கள்.

உங்கள் ஏரி தனித்த ஒன்றன்று என்பதையும் இப்போதே மனத்தில் கொள்ள வேண்டும். மேல் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் உங்கள் ஏரிக்கு வருகிறது. உங்கள் ஏரியின் மறுகால் நீர் கீழ் ஏரிக்குப் போகிறது. மீன் குஞ்சுகளும், நத்தை முட்டைகளும், களைச்செடியின் துண்டுகளும் அந்த நீரோடு பயணம் செய்கின்றன. பறவைகளுக்கோ இந்தக் கரைகளே இல்லை. வேடந்தாங்கல் ஏரியின் மரங்களில் கூடு கட்டும் நாரைகளும் கொக்குகளும் இரை தேடுவது பெரும்பாலும் சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும்தான். அவை இரவும் பகலும் இடும் எச்சம் வேடந்தாங்கல் நீரில் கலந்து, அந்நீர் பாயும் வயல்களுக்கு உரமாகிறது. அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்ததற்கு இது ஒரு காரணம். ஓர் ஏரியை மட்டும் பார்த்தால் இந்தச் சுழற்சியின் பாதிதான் தெரியும். நிலப்பரப்புச் சூழலியல் என்ற உட்பிரிவு ஆராய்வது இத்தகைய சிக்கல்களைத்தான்.

கேள்வியைச் சிறிதாக்குதல்

"இந்த ஏரியின் சூழல் எப்படி இருக்கிறது?" என்பது விடையளிக்க முடியாத கேள்வி. எதை அளந்தால் விடை கிடைக்கும் என்று சொல்ல முடிந்தால்தான் அது ஆய்வுக்குரிய கேள்வியாகும். என் மாணவர்களுக்கு நான் முதலில் தரும் கேள்வி இது: நீர்மட்டம் இறங்க இறங்க, எந்தப் பறவை எப்போது வருகிறது, எப்போது போகிறது?

இது எளிதாகத் தோன்றினாலும் உள்ளே மிகவும் ஆழமானது. ஏரி ததும்பி நிற்கும்போது ஆழமான திறந்த நீரில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மீன்பிடிக்கும். நீர் சற்று வடிந்து செடிகள் தலை காட்டும்போது, வடக்கிலிருந்து வலசை வந்த கிளுவையும் ஊசிவால் வாத்தும் தலையை நீருக்குள் கவிழ்த்து மேயும். இன்னும் வடிந்து கணுக்கால் அளவு நீர் நிற்கும் சேற்றுவெளியில் நெடுங்கால் உள்ளான் கூட்டமாக இறங்கும். நத்தைகுத்தி நாரை நத்தைகளைத் தேடி நடக்கும். அலகின் நீளம், காலின் நீளம், உடலின் எடை ஆகியவை ஒவ்வொரு பறவைக்கும் ஓர் ஆழத்தை விதித்திருக்கின்றன. ஓர் உயிரினம் வாழத் தாங்கக்கூடிய சூழ்நிலைகள் அனைத்தும் சேர்ந்த இடைவெளியை அதன் வாழ்களம் என்கிறோம். அதைக் கணித வடிவில் 1957இல் வரையறுத்தவர் ஈவ்லின் ஹட்சின்சன். உள்ளானின் எண்ணிக்கையையும் மதகுக்கல்லின் எண்ணையும் ஒரே வரைபடத்தாளில் நீங்கள் குறிக்கும் நாளில், பாடநூலில் வெறும் சொல்லாக இருந்த அந்தக் கருத்து உங்கள் கையில் ஒரு கோடாக நிற்கும்.

கேள்வியைத் தேர்ந்த பிறகு, அது எந்த அளவிலானது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு நாரை ஒரு மணி நேரத்தில் எத்தனை நத்தைகளைத் தின்கிறது என்பது தனி உயிரின் நடத்தை பற்றியது. ஏரியில் எத்தனை நத்தைகள் உள்ளன என்பது ஓர் இனத்தொகை பற்றியது. நத்தை, நாரை, பாசி, மீன் ஆகியவற்றின் உறவு உயிர்க்குழுமம் பற்றியது. அவற்றோடு நீரும் ஒளியும் சத்துப்பொருள்களும் சேர்ந்தால் அது சூழல்மண்டலம். இச்சொல்லின் ஆங்கில மூலத்தை 1935இல் வழக்குக்குக் கொண்டு வந்தவர் பிரிட்டன் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி. ஓர் அளவில் திரட்டிய தரவைக் கொண்டு இன்னோர் அளவின் கேள்விக்கு விடை சொல்லக் கூடாது.

பெயரில் தவறினால்

எண்ணுவதற்கு முன் எதை எண்ணுகிறோம் என்று தெரிய வேண்டும். வகைப்பாட்டியல் இல்லாமல் சூழலியல் ஓர் அடியும் நகராது. ஆகாயத்தாமரை என்று உங்கள் ஊரில் எதைச் சொல்கிறார்கள்? கீரைக்கொத்துப் போல இலைகள் அடுக்கி மிதக்கும் பிஸ்டியா செடியைத்தான் பழைய மருத்துவ வழக்கில் அப்பெயரால் குறித்தார்கள். இன்று செய்தித்தாள்கள் அதே பெயரை, ஊதாப்பூப் பூத்து ஏரியையே மூடிவிடும் தென்னமெரிக்கச் செடிக்கும் கொடுக்கின்றன. அதற்கு வெங்காயத் தாமரை என்ற பெயரும் உண்டு. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. பரவும் வேகமும் வேறு. "ஆகாயத்தாமரை கூடியது" என்று குறிப்பேட்டில் எழுதினால், பத்து ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு எது கூடியது என்று விளங்காது. ஊர்ப்பெயரை விடாமல் எழுதுங்கள், பக்கத்தில் அறிவியல் பெயரையும் எழுதுங்கள், படம் எடுத்து வையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் படத்தைப் பதிவிட்டால் அறிந்தவர்கள் பெயரைச் சரிபார்ப்பார்கள். உறுதியாகத் தெரியாத உயிருக்கு "அறியப்படாத தும்பி, ஒன்று" என்று எழுதுவதே நேர்மை.

எண்ணும் கலை

இந்தப் பகுதியில் நான் சற்று அதிகம் தங்கப் போகிறேன், ஏனெனில் நல்ல ஆய்வும் கெட்ட ஆய்வும் பிரியும் இடம் இதுதான்.

தமிழ்நாட்டின் சமவெளி பெரும்பாலும் கிழக்கு நோக்கிச் சரிவதால், நம் ஏரிகள் பலவற்றின் கரை கிழக்குப் பக்கத்தில் அமைந்திருக்கும். காலையில் அந்தக் கரைமீது நின்று மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவைகளின் நிறம் தெளிவாகத் தெரியும். கரையில் நான்கைந்து இடங்களைத் தேர்ந்து, எளிதில் மறையாத ஓர் அடையாளத்தோடு வரைபடத்தில் குறித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடங்களில், அதே வரிசையில், சூரியன் எழுந்த அரை மணிக்குள் தொடங்கி, ஓரிடத்தில் பத்து நிமிடம் என்று வகுத்துக்கொண்டு எண்ணுங்கள். இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஒரே முறை பார்வையை ஓட்ட வேண்டும். பெருங்கூட்டமாக இருந்தால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவால் மிச்சக் கூட்டத்தை அளக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, தங்களுக்குள் பேசாமல் எழுதி, பிறகு ஒப்பிட்டால் உங்கள் பிழையின் அளவும் தெரிந்துவிடும். ஒருவர் 180 என்றும் மற்றவர் 240 என்றும் சொன்னால், அடுத்த மாதம் 210 ஆனதை ஒரு மாற்றம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எண்ணியவர் பெயர், காற்று, மேகம், நீர்மட்டம் ஆகிய ஏழும் இல்லாத எண்ணிக்கை பயனற்றது. நான் முதன்முதலாக ஓர் ஏரியில் வைத்திருந்த குறிப்பேட்டில் நேரத்தை எழுதவில்லை. எட்டு மாத உழைப்பு. ஆனால் காலை ஏழு மணிக்குக் கண்ட நூறு வாத்துகளையும் பகல் பதினொரு மணிக்குக் கண்ட நாற்பது வாத்துகளையும் பிரித்தறிய வழியில்லாமல் போனது. அந்த இழப்பு இன்றும் எனக்கு வலிக்கிறது.

காணாததையும் எழுத வேண்டும். ஒரு பறவை வரவில்லை என்றால் அந்தக் கட்டத்தை வெற்றாக விடாமல் சுழியம் இடுங்கள். வெற்றிடம் என்பது "பார்க்கவில்லை" என்றும் பொருள்படும். அதே வேளையில், காணவில்லை என்பது இல்லை என்பதாகாது. முக்குளிப்பான் நீரில் மூழ்கியிருக்கும்; தாழைக்கோழி சம்புப் புதருக்குள் நிற்கும். சம்பு அடர்ந்த ஆண்டில் தாழைக்கோழி குறைந்ததாக உங்கள் ஏடு காட்டினால், குறைந்தது பறவையா, அதைக் காணும் வாய்ப்பா என்று முதலில் கேளுங்கள்.

செடிகளையும் நத்தைகளையும் எண்ண வேறு வழி வேண்டும். பிளாஸ்டிக் குழாயால் 50 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரச் சட்டம் செய்துகொள்ளுங்கள். உள்வாயில் 100 மீட்டர் கயிறு கட்டி, எந்த மீட்டரில் சட்டத்தை வைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தை எறிவதைச் சிலர் சமவாய்ப்பு என்று நினைக்கிறார்கள். கை தானாகவே வசதியான இடத்துக்குத்தான் எறியும்.

நகரும் உயிர்களுக்குக் குறியிட்டுப் பிடிக்கும் முறை இருக்கிறது. டென்மார்க்கின் பீட்டர்சன் மீன்களுக்கும், அமெரிக்காவின் ஃபிரெடரிக் லிங்கன் 1930இல் வாத்துகளுக்கும் இதைக் கையாண்டார்கள். ஓர் எடுத்துக்காட்டு: 50 நத்தைகளைப் பிடித்து, ஓட்டில் சிறு வண்ணப்புள்ளி வைத்து விட்டுவிடுகிறீர்கள். ஒரு வாரம் கழித்து 40 நத்தைகளைப் பிடிக்கிறீர்கள். அவற்றில் 8 குறியுள்ளவை. 50ஐ 40ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 250. ஏரியின் அந்தப் பகுதியில் ஏறத்தாழ 250 நத்தைகள் என்பது உங்கள் மதிப்பீடு. ஆனால் இந்தக் கணக்கு, இடையில் எதுவும் சாகவில்லை, பிறக்கவில்லை, வெளியேறவில்லை, குறி அழியவில்லை என்ற எடுகோள்களின்மேல் நிற்கிறது. பளிச்சென்ற வண்ணம் பறவைகளின் கண்ணை ஈர்த்துக் குறியிட்டவற்றை மட்டும் இரையாக்கிவிட்டால், உண்மையைவிட அதிகமான விடை வரும். ஆகவே புள்ளியை ஓட்டின் அடிப்பக்கத்தில் வையுங்கள். எடுகோளை அறியாமல் சூத்திரத்தைப் பயன்படுத்துவது, சூத்திரமே இல்லாமல் இருப்பதைவிடத் தீங்கானது.

எண்ணிய பிறகு புள்ளியியல் வருகிறது. இரண்டு ஏரிகளிலும் ஐந்து வகைப் பறவைகள், மொத்தம் நூறு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் ஒவ்வொரு வகையும் இருபது. மற்றொன்றில் ஒரு வகை 96, மற்றவை ஒவ்வொன்று. வகைகளின் எண்ணிக்கை ஒன்றுதான் என்றாலும் இரண்டும் ஒரே தன்மையுடைய ஏரிகள் அல்ல. 1949இல் சிம்சன் தந்த குறியீட்டின்படி, ஒவ்வொரு வகையின் பங்கையும் வர்க்கமாக்கிக் கூட்டி ஒன்றிலிருந்து கழித்தால், முதல் ஏரிக்கு 0.8 வரும், இரண்டாவதற்கு 0.08கூட வராது.

நீரைப் படித்தல்

நன்னீர் நிலைகளை ஆராயும் லிம்னாலஜி என்ற துறைக்கு ஜெனீவா ஏரியை ஆராய்ந்த சுவிட்சர்லாந்தின் ஃபோரெல் அடித்தளமிட்டார். அத்துறையின் மிக எளிய கருவி, 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு தட்டு. இத்தாலியின் ஏஞ்சலோ செக்கி 1865இல் கடலில் சோதித்த முறையின் வழிவந்தது. தட்டைக் கறுப்பும் வெள்ளையுமாக நான்கு பாகமாக வண்ணமிட்டு, அளவிட்ட கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்க வேண்டும். நீர் கலங்கியிருந்தாலும் பாசியால் பச்சையாகியிருந்தாலும் தட்டு விரைவில் மறையும். எந்தக் காரணம் என்பதை நீரின் நிறத்தையும் எழுதினால்தான் பிரிக்க முடியும்.

நீரில் கரைந்த ஆக்சிஜனை 1888இல் வின்க்ளர் கண்ட முறையால் பள்ளி வேதியியல் ஆசிரியரின் துணையோடு அளக்கலாம். அமிலம் கையாள வேண்டியிருப்பதால் தனியாகச் செய்ய வேண்டாம். 30 பாகை வெப்பமுள்ள நன்னீர் காற்றோடு சமநிலையில் இருக்கும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மி.கி. ஆக்சிஜனைக் கொண்டிருக்கும். பாசி மிகுந்த ஏரியில் பிற்பகல் மூன்று மணிக்கு இதைவிட அதிகமாகவே இருக்கும், ஏனெனில் பாசி ஒளிச்சேர்க்கை செய்கிறது. இரவு முழுவதும் அதே பாசியும் மீன்களும் அழுகும் பொருள்களைத் தின்னும் நுண்ணுயிர்களும் ஆக்சிஜனைச் செலவழிப்பதால், விடியலில் அது மிகவும் கீழே இறங்கிவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதை விடியலில் வலை இழுப்பவர்கள் பார்த்திருப்பார்கள். எனவே பகலில் மட்டும் அளந்துவிட்டு ஏரி நலமாக இருக்கிறது என்று அறிக்கை தருவது பெரும் தவறு. விடியலில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என இரு முறை அளக்க வேண்டும்.

பாசி ஏன் பெருகுகிறது? இதற்கு விடை தந்த சோதனையை நான் மாணவர்களுக்கு எப்போதும் விரிவாகச் சொல்வேன். கனடாவின் ஒன்டாரியோவில், ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட சிற்றேரிகளுள் 226 என்று எண்ணிட்ட ஓர் ஏரியை, 1973இல் டேவிட் ஷின்ட்லரும் அவர் குழுவினரும் நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரசும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி மட்டும் பச்சைக்கூழாக மாறியது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம், சலவைத்தூள்களில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வாதத்துக்குப் பெரும் வலிமை சேர்த்தது. ஊர்ச்சாக்கடை உங்கள் ஏரியில் கலக்கும் இடத்திலும் அதற்கு எதிர்க்கரையிலும் செக்கித் தட்டை இறக்கி, அளவுகளை மாதந்தோறும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

யார் யாரை உண்கிறார்கள் என்ற வலைப்பின்னலை வரையும்போது லின்டெமனை நினைவில் கொள்ளுங்கள். ஓர் உணவுநிலையிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் ஆற்றல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்பது தோராய விதி. பாசி ஏராளமாகவும், அதைத் தின்னும் சிற்றுயிர்கள் குறைவாகவும், விரால் இன்னும் குறைவாகவும், விராலைப் பிடிக்கும் பாம்புத்தாரா விரல்விட்டு எண்ணும் அளவிலும் இருப்பதன் காரணம் அதுவே. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன் பாசியையும் தின்று, சிற்றுயிர்களையும் தின்று, அடிக்கடி இனம் பெருக்குவதால், இந்த வலையில் அதற்கு ஒரே நிலையைக் கொடுக்க முடியாது. பல கோடுகள் வரைய வேண்டியிருக்கும்.

ஒப்பிடாமல் முடிவு சொல்லாதிருத்தல்

உங்கள் ஏரி கோடையில் தூர்வாரப்பட்டது. அடுத்த பனிக்காலத்தில் வாத்துகள் பாதியாகக் குறைந்தன. தூர்வாரியதால் குறைந்தன என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் அந்த ஆண்டு மழையும் குறைந்திருக்கலாம். வலசைப் பறவைகளே குறைவாக வந்திருக்கலாம். ஆகவே தூர்வாரப்படாத, ஒத்த அளவுள்ள பக்கத்து ஏரி ஒன்றையும் தொடக்கத்திலிருந்தே அதே முறையில் எண்ணி வர வேண்டும். உங்கள் ஏரியில் மட்டும் குறைந்து, அங்கே குறையாமலிருந்தால் உங்கள் ஐயத்துக்கு வலு கூடுகிறது. அப்போதும் அது ஓர் ஏரியின் சான்றுதான். ஒரே ஏரியில் இருபது இடங்களில் அளந்தாலும் அவை இருபது ஏரிகள் ஆகா. இந்தப் பிழையைப் போலிப் பன்மை என்று சொல்லலாம். தொழில்முறை ஆய்வாளர்களே இதில் எவ்வளவு அடிக்கடி விழுகிறார்கள் என்பதை 1984இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் விரிவாகக் காட்டினார்.

எண்களால் எட்ட முடியாத காலத்தை மனிதர்களிடமிருந்து பெற வேண்டும். குத்தகைக்கு மீன் பிடிப்பவர், ஆடு மேய்ப்பவர், கோரை அறுப்பவர், நீர்க்கட்டி ஆகியோர் உங்கள் குறிப்பேடு தொடங்குவதற்கு நாற்பது ஆண்டு முன்பிருந்த ஏரியை அறிந்தவர்கள். "அயிரை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் அண்ணே?" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள்; கூட்டமாக வைத்துக் கேட்டால் முதலில் பேசியவரின் விடையே எல்லாருடைய விடையாகிவிடும். புயல், பஞ்சம், வீட்டுத் திருமணம் போன்ற நிகழ்ச்சிகளோடு இணைத்துக் கேட்டால் ஆண்டு துல்லியமாகக் கிடைக்கும். அவர்கள் சொன்னது யார் சொன்னது என்று அவர்கள் ஒப்புதலோடு பதிய வேண்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி உள்ளாட்சிகளில் வைக்கப்பட வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேரத் தகுந்த அறிவு இது.

செய்யக் கூடாதவை சில. கூடுள்ள மரங்களின் அருகே போகாதீர்கள். தாய்ப்பறவை எழுந்து போன சில நிமிடங்களில் காகம் முட்டையைக் கொத்திவிடும், வெயில் குஞ்சைக் கொன்றுவிடும். காட்டுயிர்களைப் பிடிப்பதும் தொந்தரவு செய்வதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை.

பறவை எண்ணிக்கைகளை ஈபேர்ட் தளத்தில் முழுப் பட்டியலாக, எடுத்துக்கொண்ட நேரத்தோடு பதிவேற்றுங்கள். பொங்கலையொட்டித் தமிழ்நாடெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும், சனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் உங்கள் ஏரியைச் சேர்த்தால், மற்ற ஏரிகளோடு ஒப்பிடும் வாய்ப்பு தானே வரும். மூலக் குறிப்பேட்டை அழிக்காமல் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, ஒரு படியை ஊர்ப் பள்ளியின் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் உங்கள் முறை முழுவதையும், இந்த ஏரியை ஒருபோதும் பார்த்திராத ஒருவர் படித்து அப்படியே செய்யும் அளவுக்கு விளக்கமாக எழுதி வையுங்கள். இரண்டாம் ஆண்டில் நிற்கும் இடத்தையோ நேரத்தையோ மாற்றுவது நல்லது என்று தோன்றினால், குறைந்தது மூன்று மாதங்களுக்குப் பழைய முறையிலும் புதிய முறையிலும் சேர்த்தே எண்ணி, இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுவிட்டு, அதன் பிறகே பழையதை நிறுத்துங்கள்.